அவனைக் கேட்காமல் கத்தரி எடுக்க மாட்டேன்: பெற்றோர் சங்கத்துக்கு ஒரு முடிதிருத்துநரின் திறந்த மடல்

பெற்றோர் சங்க நிர்வாகிகளுக்கும், தீர்மானத்தில் கையெழுத்திட்ட அப்பாக்களுக்கும் அம்மாக்களுக்கும்,

முடிதிருத்தும் கடைகளுக்கு நீங்கள் அனுப்பிய கடிதம் என் கைக்கும் வந்து சேர்ந்தது. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கிற பையன்களுக்குக் காதும் பிடரியும் தெரியும்படி ஒட்டத்தான் வெட்ட வேண்டும். பையன் வேறு மாதிரி கேட்டால் மறுத்துவிட வேண்டும். 'முனை மட்டும் எடுங்க' என்று தனியாக எவனாவது வந்தால் வீட்டுக்குப் போன் செய்ய வேண்டும். இவ்வளவுதான் கடிதத்தின் சாரம். இத்தனைக்கும் பள்ளியின் விதி, முடி சுத்தமாக இருக்க வேண்டும், நீளமாக இருந்தால் கட்டியிருக்க வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. பள்ளிக்கூடமே கேட்காத ஒன்றைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

அந்தக் கடிதத்தின் அடியில் கடைக்காரர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தீர்கள். நான் போடவில்லை, போடப்போவதும் இல்லை. ஒவ்வொருவரிடமும் நேரில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நீங்கள் கூட்டமாக முடிவெடுத்திருக்கிறீர்கள், பதிலும் எல்லோரும் படிக்கிற மாதிரியே இருக்கட்டும்.

முதலில் ஒரு விஷயம். உங்கள் தீர்மானம் என் வருமானத்துக்கு நல்லது. ஒட்ட வெட்டிய தலை மூன்று, நான்கு வாரத்தில் மறுபடி என் நாற்காலிக்கு வந்தாக வேண்டும். முடி வளர்க்கிற பையன் மூன்று மாதத்துக்கு ஒருமுறை முனை எடுக்க எட்டிப் பார்த்தால் அதிகம். ஆகவே வியாபாரத்துக்காகப் பேசுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள். வியாபாரம் உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

உங்களில் பலரை எனக்கு நன்றாகத் தெரியும். நாற்காலிக் கைப்பிடிகளின் மேல் பலகை போட்டு உட்கார வைத்த வயதிலிருந்து உங்கள் பிள்ளைகளுக்கு வெட்டுகிறேன். அந்த வயதில் நீங்கள் சொல்வதுதான் வெட்டு, அதில் எனக்கு ஒரு சங்கடமும் இருந்ததில்லை. ஐந்து வயதுக் குழந்தைக்கு மெஷின் சத்தம்தான் கவலை, நீளம் இல்லை. பதின்மூன்று, பதினான்கு வயதில் கதை மாறுகிறது. பலகை போய்விட்டது, கால் தரையைத் தொடுகிறது, மேலுதட்டில் லேசாகக் கறுப்பு தெரிகிறது. நீங்கள் மட்டும் அதே இடத்தில், நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பேசுகிறீர்கள். "காடு மாதிரி வளர்த்து வச்சிருக்கான், நல்லா ஒட்ட அடிச்சு விடுங்க." நமக்கு நடுவில் துணி போர்த்திக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

நான் கேட்பேன். "தம்பி, உனக்கு எப்படி வேணும்?" சொந்தமாகக் கடை போட்ட நாளிலிருந்து இதுதான் என் வழக்கம். தொழில் கற்றுக்கொண்ட கடையில் பார்த்த ஒரு காட்சிதான் காரணம். அப்பா ஒருவர் மகனின் தோள்களை அழுத்திப் பிடித்துக்கொண்டார். கடைக்காரர் மெஷினை நெற்றியில் வைத்து உச்சி வரை ஒரே இழுப்பாக இழுத்தார். நடுவில் ஒரு பாதை விழுந்துவிட்டால் மீதியை எடுத்துத்தானே ஆக வேண்டும்? அதுதான் உத்தி. பையன் கத்தவில்லை, அழவில்லை. வேலை முடிந்ததும், "இப்பத்தான் மனுஷன் மாதிரி இருக்கே" என்று அப்பா சிரித்தார். அவன் கண்ணாடிப் பக்கம் திரும்பாமலேயே இறங்கி வெளியே போனான். அப்பா காசு கொடுத்துவிட்டு, "பெத்தவங்க சொன்னா கேக்கணும்ல" என்று எங்களிடம் நியாயம் கேட்டார். எங்கள் யாருக்கும் வாய் வரவில்லை. பிறகு அந்தப் பையன் எங்கள் கடைப் பக்கமே வரவில்லை. அப்பாவோடு அவன் எப்படி இருந்தான் என்று எனக்குத் தெரியாது. ஆனால் தோளை அழுத்திப் பிடித்த அந்தக் கையை எந்த மகனும் சீக்கிரம் மறப்பான் என்று நான் நம்பவில்லை.

"முடிதானே, வளர்ந்துடும்" என்பீர்கள். வளரும். மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வீதம். ஒட்ட வெட்டிய தலையிலிருந்து தோளைத் தொட இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும். நடுவில் ஒரு கட்டம் வரும். காதை மூடியும் மூடாமலும், சீவினாலும் படியாமல், கட்டவும் எட்டாமல் படுத்தி எடுக்கும். வளர்ந்த ஆண்களே பலர் அந்தக் கட்டத்தில் வந்து "போதும், எடுத்துடுங்க" என்று உட்கார்ந்துவிடுவார்கள். அதைத் தாண்டி வந்த பதினைந்து வயதுப் பையனின் முடியை ஐந்து நிமிடத்தில் எடுத்துவிடச் சொல்கிறீர்கள். அந்த நீளம் அவனுக்குத் திரும்பக் கிடைக்கும்போது பள்ளிப் படிப்பே முடிந்திருக்கும்.

அந்த வயதைக் கொஞ்சம் பக்கத்தில் இருந்து பார்க்கிறவன் நான். உங்களைவிடப் பக்கத்தில் என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் இந்த வயதில் அவன் உங்களைத் தலையைத் தொட விடுவதில்லை. நெற்றி முழுக்கப் பரு. மூக்கு முகத்தை முந்திக்கொண்டு வளர்ந்திருக்கும். போன முறை வந்தபோது இருந்த குரல் இந்த முறை இல்லை. இதில் எதையும் யாரும் அவனைக் கேட்டுச் செய்யவில்லை. முடி ஒன்றில்தான் அவன் இஷ்டம் கொஞ்சம் செல்லுபடியாகிறது. அதையும் தீர்மானம் போட்டுப் பிடுங்க வேண்டுமா?

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். யார், எந்த வகுப்பு என்பதெல்லாம் வேண்டாம். கழுத்தை மூடுகிற அளவுக்கு முடி. கூட்டி வந்த அப்பாவின் முகத்தைப் பார்த்தாலே வீட்டில் பல நாள் சண்டை என்று புரிந்தது. பையன் நாற்காலியில் உட்காரவே மறுத்தான். "திமிரு சார், வேற ஒண்ணுமில்லை" என்றார் அப்பா. அவரைக் கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவனிடம் பேச்சுக் கொடுத்தேன். அப்புறம் அவனே காதுக்குப் பின்னால் இருந்த முடியைத் தூக்கிக் காட்டினான். காசு அளவில் இரண்டு இடங்கள், ஒரு முடிகூட இல்லாமல் வழவழவென்று இருந்தன. புழுவெட்டு. புழுவோ பூச்சியோ கடித்து வருவதில்லை இது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே முடியின் வேர்ப்பைகளைத் தாக்குவதால் வருவது, யாருக்கும் தொற்றாது. இதெல்லாம் அவனுக்கு எப்படித் தெரியும்? வகுப்பில் பார்த்தால் கேலி செய்வார்கள் என்பது மட்டும் தெரியும். அதனால் வளர்த்து மூடிவிட்டான். வீட்டிலும் சொல்லவில்லை, ஏனென்றால் வீட்டில் அவன் முடியைப் பற்றிய பேச்சு எல்லாம் திட்டாகத்தான் இருந்தது.

"அப்பாகிட்ட நான் சொல்லட்டுமா?" என்று அவனிடம் கேட்டுவிட்டுத்தான் சொன்னேன். அந்த மனிதர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அன்று முடி வெட்டவில்லை. இரண்டு பேரும் நேராகத் தோல் மருத்துவரைப் பார்க்கப் போனார்கள்.

உங்கள் கடிதப்படி நடந்திருந்தால் நான் என்ன செய்திருக்க வேண்டும்? மெஷினைப் போட்டு ஒட்ட எடுத்து, மறுநாள் அவனை அப்படியே வகுப்புக்கு அனுப்பியிருக்க வேண்டும்.

இதை வைத்து, முடி வளர்க்கிற ஒவ்வொரு பையனும் எதையோ மறைக்கிறான் என்று கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலான பையன்களுக்கு இருக்கிற காரணம் ரொம்பச் சாதாரணம், பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொரு வீட்டில் இதே விஷயம் வேறு மாதிரி நடந்தது. மாதக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்த அம்மா ஒருவர், புற்றுநோயாளிகளுக்குச் செயற்கை முடி செய்யத் தானம் கொடுக்கத்தான் மகன் வளர்க்கிறான் என்று தெரிந்ததும் அடியோடு மாறிவிட்டார். என்னிடமே பெருமையாகச் சொன்னார். பல தான அமைப்புகள் 30 சென்டிமீட்டர் அளவுக்கு நீளம் கேட்கின்றன, அதுவரை யாரும் அவன் தலையைத் தொடக் கூடாது என்றார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் ஒன்று உறுத்தியது. முந்தின வாரம் 'ரவுடி மாதிரி' தெரிந்த அதே முடிதானே இது? ஊருக்குச் சொல்லிக்கொள்ள நல்ல காரணம் கிடைத்தால்தான் பையனின் தலை பையனுடையது என்றால், அவனுக்கு அங்கே என்ன இருக்கிறது?

சரி, நீங்கள் சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன்.

படிப்பு கெட்டுவிடும் என்கிறீர்கள். ஐசக் நியூட்டனை 1689-இல் வரைந்த ஓவியம் இணையத்தில் கிடைக்கும், பாருங்கள். ஈர்ப்பு விதியை வெளியிட்டு இரண்டு வருடம் கழித்து வரைந்தது, முடி தோளில் புரள்கிறது. முடி வளர்த்தால் நியூட்டன் ஆகலாம் என்று நான் சொல்ல வரவில்லை, முடிக்கும் மூளைக்கும் கணக்கு வழக்கு இல்லை என்கிறேன். கண்ணாடி முன் நிற்கிற நேரம்தான் உங்கள் கவலை என்றால், ஒட்ட வெட்டிக்கொள்கிற பையன்களும் ஜெல் தடவிக்கொண்டு அதே நேரம் நிற்கிறார்கள்.

உடம்புக்கு ஆகாது என்பது அடுத்தது. தலைக்கு வெளியே தெரிகிற முடி உயிரில்லாத புரதம். அது நீளமாக இருப்பதால் உடம்பின் சத்து எதுவும் போவதில்லை. முடி கொட்டுகிறது என்று அம்மாக்கள் பயப்படுவது எனக்குப் புரிகிறது. யாருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. குட்டை முடி உதிர்ந்தால் கண்ணில் படாது, நீளமுடி குளியலறைச் சல்லடையில் சுருண்டு நிற்கும், அதுதான் வித்தியாசம். பேன் தலைக்குத் தலை ஒட்டினால் தொற்றுவது, குட்டை முடியிலும் வாழும். ஒருமுறை மழித்துவிட்டால் அடர்த்தியாக வளரும் என்பதும் பொய். மழிப்பதால் முடி தடிப்பதோ வேகமாக வளர்வதோ இல்லை என்று மில்ட்ரெட் டிராட்டர் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1928-இலேயே சோதித்து எழுதிவிட்டார். இந்த வயதில் ஹார்மோன் மாற்றத்தால் தலையில் எண்ணெய்ப் பசை அதிகம் சுரக்கும் என்பது உண்மை, அதனால் அடிக்கடி அலச வேண்டும். எப்போதும் இறுக்கி இழுத்துக் கட்டினால் நெற்றியோரத்தில் முடி கழன்றுபோகும் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் அவனிடம் சொல்லுங்கள். நான் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். (போகிற போக்கில் ஒன்று: வழுக்கை வழிவழியாக வருகிற வீடுகளில் அப்பாக்கள்தான் அதிகமாகக் கோபப்படுகிறார்கள். தப்பாக நினைக்காதீர்கள், அந்த வீட்டுப் பையனுக்கு முடி வைத்து ஆசை தீர்த்துக்கொள்ள இதைவிட நல்ல காலம் கிடைக்காமலே போகலாம்.)

மூன்றாவது, "பொம்பளைப் பிள்ளை மாதிரி இருக்கான்." என் கடையில் அதிகம் கேட்கிற வாக்கியம் இதுதான். எனக்குப் பதில் சொல்லவே பிடிக்காத வாக்கியமும் இதுதான். ஒருமுறை ஓர் அப்பா இதைச் சொல்லி மகனைத் திட்டிக்கொண்டிருந்தபோது, அவருடைய மகள் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தன்னைப் போல இருப்பது அப்பாவின் கணக்கில் இவ்வளவு கேவலமா என்று அந்தப் பெண் நினைத்திருக்க மாட்டாளா? அவள் தலையில் இருந்ததும் குட்டையான பாய் கட்தான். அதில் அவருக்கு எந்தக் கவலையும் இல்லை.

'ஒழுக்கம்' என்கிற சொல்லை உங்கள் கடிதம் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது. எந்த நீளம் ஒழுக்கமானது என்பதை ஒவ்வொரு காலத்திலும் அதிகாரத்தில் இருந்தவர்கள் மாற்றி மாற்றித்தான் எழுதியிருக்கிறார்கள். சீனாவில் 1645-இல் சிங் அரசு, ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னால் சடை வளர்த்தே ஆக வேண்டும், மறுத்தால் உயிர் போகும் என்றது. அந்த ஆட்சி கவிழ்ந்த 1911 புரட்சிக் காலத்தில் அதே சடைகளைப் படைவீரர்கள் வலுக்கட்டாயமாக அறுத்தார்கள். தென் கொரியாவில் 1973-இல் ஆண்களின் நீளமுடியைச் சிறு குற்றங்களுக்கான சட்டத்தில் சேர்த்தார்கள், போலீஸ்காரர்கள் தெருவிலேயே பையன்களைப் பிடித்து வெட்டிவிட்டார்கள். சிங்கப்பூரில் 1970-களில், நீளமுடி ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டினார்கள். இன்றைக்கு உங்கள் பிள்ளைகள் போனை நீட்டி, "அண்ணா, இது மாதிரி வேணும்" என்று என்னிடம் காட்டுகிற படங்களில் பாதி அதே தென் கொரியப் பாட்டுக் குழுக்களின் படங்கள்தான். போலீஸ் வைத்து வெட்டிய நாட்டிலேயே நிலைமை இப்படி மாறிவிட்டது. நீங்கள் என்னை வைத்து வெட்டப் பார்க்கிறீர்கள்.

உண்மையான காரணத்தை என்னிடம் சொன்னவர் ஒரே ஒருவர். மகன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில், "எனக்கு ஒண்ணும் இல்லீங்க, எங்க அண்ணன் வந்தா என் வளர்ப்பைத்தான் சொல்வாரு" என்றார் மெதுவாக. அவர் நேர்மையை மதிக்கிறேன். உங்களில் எத்தனை பேருடைய வீட்டில் இப்படி ஓர் அண்ணன் இருக்கிறார் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெரியவருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். உங்களுக்கு அந்தப் பேச்சைத் தவிர்க்க, பையன் ஏன் முடியைக் கொடுக்க வேண்டும்?

நீளத்தையே அளந்துகொண்டிருப்பதில் நீங்கள் தவறவிடுகிற ஒன்றும் இருக்கிறது, இதை முக்கியமாகச் சொல்ல வேண்டும். வளர்த்த முடிக்கும் கவனிக்காமல் விட்ட முடிக்கும் உள்ள வித்தியாசம் எனக்குக் கையால் தொட்டாலே தெரியும். ஆசையாக வளர்க்கிறவன் முனை பிளந்திருப்பதைப் பற்றிக் கேட்பான், எந்தச் சீப்பு நல்லது என்பான், ஈரத்தோடு கட்டலாமா என்று சந்தேகம் கேட்பான். கவனிக்காமல் விட்டவனின் பிடரியில் சிக்கு ஏறிக் கிடக்கும், நகம் கடித்துக் கடித்துத் தேய்ந்திருக்கும், கேட்டதற்கு "எப்படியோ பண்ணுங்க" என்பான். சில தலைகளில் அவனே பிடுங்கிப் பிடுங்கி முடி திட்டுத்திட்டாகக் குறைந்திருக்கும். இந்தப் பிள்ளைகளிடம்தான் நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டும், தேவைப்பட்டால் மருத்துவரிடம் கூட்டிப் போக வேண்டும். இவர்களில் பலர் குட்டை முடிக்காரர்கள். உங்கள் தீர்மானம் இவர்களைத் தொடவே தொடாது.

பெற்றோருக்குச் சொல்ல உரிமையே இல்லை என்று நான் வாதாடவில்லை. தலையைச் சுத்தமாக வைத்திரு, ஆய்வுக்கூடத்தில் நெருப்புக்கும் ஓடுகிற இயந்திரத்துக்கும் பக்கத்தில் போகும்போது இறுக்கிக் கட்டு, கண்ணில் விழாமல் பார்த்துக்கொள் என்றெல்லாம் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். என் அனுபவத்தில் பையன்கள் இதற்கெல்லாம் உடனே ஒத்துக்கொள்கிறார்கள். ஐ.நா. சபை 1989-இல் நிறைவேற்றிய குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-வது பிரிவும், குழந்தையைப் பாதிக்கிற விஷயத்தில் அதன் கருத்தைக் கேட்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப மதிப்புக் கொடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. உங்கள் தீர்மானம் பையன்களின் தலையைப் பற்றியது. அந்தக் கூட்டத்தில் ஒரு பையன்கூட இல்லை. நாளைக்கு வேலைக்கோ சீருடைக்கோ குட்டையாக வேண்டுமென்றால் அவனே வந்து உட்காருவான். அப்படி வந்து உட்கார்ந்தவர்களுக்கும் நான்தான் வெட்டியிருக்கிறேன்.

ஆகவே நான் கேட்பவை இவை.

கடைகளுக்கு அனுப்பிய கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். பள்ளியின் விதி போதும். அதற்கு மேல் ஏதாவது வேண்டும் என்று தோன்றினால், முடி வளர்க்கிற பையன்கள் சிலரையும் கூட்டத்தில் உட்கார வைத்து, அவர்கள் பேசி முடித்த பிறகு முடிவெடுங்கள்.

எங்களை உளவாளி ஆக்காதீர்கள். நாற்காலியில் பையன் கேட்டதை வீட்டுக்குப் போன் செய்து சொல்லும் வேலையை நான் செய்ய மாட்டேன். அவன் உடம்புக்கு ஏதோ சரியில்லை என்று கண்ணில் பட்டால், அவனிடம் சொல்லிவிட்டு உங்களிடம் சொல்வேன். அதற்கு எந்தத் தீர்மானமும் தேவையில்லை.

நீளம் பற்றிய பேச்சை வீட்டிலேயே முடித்துவிட்டு வாருங்கள். கடையில் அவனே வாய் திறந்து சொல்லட்டும். நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்திருங்கள். அவன் 'வேண்டாம்' என்று சொன்ன பிறகு நான் கத்தரி எடுக்க மாட்டேன், எவ்வளவு பழகியவராக இருந்தாலும் சரி, இரண்டு மடங்கு கூலி கொடுத்தாலும் சரி. வேறு கடைக்குப் போகலாம், வருத்தப்பட மாட்டேன்.

பெண் மாதிரி, பிச்சைக்காரன் மாதிரி, ரவுடி மாதிரி என்கிற பேச்சை என் கடைக்குள் நிறுத்திவிடுங்கள். மற்ற பையன்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கடிதத்தில் கையெழுத்துப் போட்ட மற்ற கடைக்காரர்களிடமும் நீங்களே பேசி அதை விலக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். வாடிக்கை போய்விடும் என்று பயந்துதான் போட்டதாகச் சிலர் என்னிடம் சொன்னார்கள்.

அடுத்த கூட்டத்துக்கு முன்பாக எழுத்தில் பதில் வேண்டும். கூட்டத்துக்கு என்னையும் கூப்பிட்டால் வந்து பேசுகிறேன், என் கடை விடுமுறை நாளாகப் பார்த்து வைத்தால் வசதி.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளுக்கு முடி வெட்டுகிறவன்